எட்டு நிமிடக் கல்யாணமும் கிழக்குப் பிரிவும்

சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு வசதியாக இருங்கள், என் ராசாக்களே. இந்தக் கதைக்கு உதைபந்தாட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கதையில் வருகிற மனிதருக்கும் அது தெரியாது. அதை நடத்தியவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த ஒரு வருடம். மொன்றியலில் நீர்நாய்கள் என்று ஒரு கழகம் இருந்தது. சம்பளத்துக்கு ஆடுகிற கழகம். முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவன் ஓட, பத்துப்பேர் அவன்மேல் விழுகிற ஆட்டம் அது. விழுகிற இடமெல்லாம் புல்லும் சேறும். அந்தப் புல்லையும் சேற்றையும் உடுப்பிலிருந்து எடுப்பவர்தான் ஞானேந்திரன். மலையடி மைதானத்தின் சலவை அறையில் அவருக்குப் பதினொரு வருடம். ஒரு முழு ஆட்டத்தையும் அவர் பார்த்ததில்லை. வென்றார்களா தோற்றார்களா என்பதைக்கூட உடுப்பு வந்து விழுந்த பிறகுதான் அறிவார். தோற்ற உடுப்பு முதுகில் ஊத்தையாக இருக்கும்.

கோட்-டெ-நெய்ஜில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் மனைவி பாலாம்பிகையோடும் ஒரே மகள் கஜந்தினியோடும் இருந்தார். கஜந்தினி ஒரு கார்டரியில், அதாவது பகல்நேரக் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். செயின்ட்-மிஷேலில் இருந்த ரதீசன் என்ற பொடியனோடு அவளுக்குக் கல்யாணம் பொருந்தியது. ஐயர் மே மாதமே நாள் பார்த்துக் கொடுத்தார்: நவம்பர் மாதம் இரண்டாவது ஞாயிறு, மத்தியானம். அதை விட்டால் தை மாதம்தான். தை மாதத்து மொன்றியல் குளிரில் கூறைச் சேலையோடு ஒரு பெண்ணைக் காரிலிருந்து இறக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்?

ஞானேந்திரன் ஜூன் மாதம் லீவுப் பத்திரம் நிரப்பினார். அதில் பதினான்கு கேள்விகள். பன்னிரண்டாவது கேள்வி இப்படி இருந்தது: ‘இந்த லீவு கிழக்குப் பிரிவில் கழகத்தின் நிலையைப் பாதிக்குமா? பாதிக்குமாயின் எந்தத் திசையில்?’ அவர் ‘இல்லை’ என்று அடையாளமிட்டார்.

மறுநாள் அலுவலகத்து மதாம் லூசி பத்திரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு சலவை அறைக்கு இறங்கி வந்தாள்.

“மெஸ்யே ஞானே, அன்றுதான் பிரிவின் இறுதியாட்டம்.”

கிழக்குப் பிரிவில் நான்கு கழகங்கள், பிள்ளைகளே. ஜூன் கடைசியிலிருந்து ஒவ்வொன்றும் பதினெட்டு ஆட்டம் ஆடும். முதலாவதாக வருகிற கழகம் இறுதியாட்டத்தைத் தன் சொந்த மைதானத்தில் ஆடும். சொந்த மைதானத்தில் ஆட்டமென்றால் வேலையாட்கள் ஒருவருக்கும் லீவு கிடையாது.

“அவை முதலாவதா வருவினமோ எண்டு நவம்பரிலைதானே மதாம் தெரியும்?” என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார் ஞானேந்திரன்.

மதாம் லூசிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. “மற்றக் கழகங்களுக்கு நவம்பரில் தெரியும். எங்களுக்கு ஒரு பணியகம் இருக்கிறது.”

இருந்தது. அதன் பெயர் ஆரம்ப ஆட்டங்களின் பொருள் காணும் பணியகம். ஏழு பேர், ஒரு யன்னல். முதல் நான்கு ஆட்டங்களில் ஒவ்வொன்றுக்கும் பிறகு கூடி, நவம்பரில் கழகம் எந்த இடத்தில் நிற்கும் என்று தீர்ப்பு எழுதுவது அவர்கள் வேலை. மிச்சமிருக்கும் பதினான்கு ஆட்டங்களுக்கு அவர்கள் ‘உறுதிப்படுத்தும் ஆட்டங்கள்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவற்றை அவர்கள் பார்ப்பதில்லை.

முதலாவது ஆட்டத்தில் நீர்நாய்கள் முப்பத்தொரு புள்ளிகளால் தோற்றன. உடுப்பெல்லாம் முதுகில் ஊத்தை. மறுநாள் காலை பணிப்பாளர் பெலீவோ ஊழியர் எல்லோரையும் உணவறைக்கு அழைத்தார். உயரமான மனிதர், எப்போதும் வெள்ளைக் கோட்டு.

“நாங்கள் அவசரப்படுபவர்கள் அல்ல,” என்றார். “ஒரேயொரு ஆட்டத்தை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது என்பது எங்கள் கொள்கை. ஆகவே அந்த ஆட்டத்தை முதற்பாதி, இரண்டாம்பாதி என்று இரண்டாகப் பிரித்தோம். இரண்டு ஆதாரங்களும் ஒரே முடிவைக் காட்டுகின்றன. இந்த ஆட்டப் பருவம் முடிந்துவிட்டது.”

அன்றே வேலைகள் தொடங்கின. நவம்பர் குளிருக்கு வாங்கிய சூடாக்கிகள் கடைக்குத் திரும்பிப் போயின. பருவச் சீட்டு வைத்திருந்தவர்களுக்கு அனுதாப அட்டை அனுப்பினார்கள். அதில் மாகாணச் சட்டப்படி பிரெஞ்சு எழுத்து ஆங்கிலத்தைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. அதனால் பிரெஞ்சுக்காரருக்குத் துக்கமும் இரண்டு மடங்காகப் போய்ச் சேர்ந்தது. ஞானேந்திரனின் லீவுப் பத்திரத்தில் பச்சை முத்திரை விழுந்தது.

அவர் அந்தக் கடதாசியைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, செயின்ட்-மிஷேலில் ஒரு மண்டபத்தைப் பதிந்தார். நானூறு அழைப்பிதழ் அடித்தார்.

இரண்டாவது ஆட்டம் ஹமில்ட்டன்காரரோடு. நீர்நாய்கள் நாற்பத்தொரு புள்ளிகளால் வென்றன. மறுபடியும் உணவறை.

“ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி,” என்றார் பெலீவோ. “மேலோட்டமாகப் பார்ப்பவன் இதைச் சமம் என்பான். ஆனால் போக்கைக் கவனியுங்கள். பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு ஏறியிருக்கிறோம். இதே வேகத்தில் போனால் ஆகஸ்டில் எங்களுக்கு எதிராக ஆட யாரும் இருக்கமாட்டார்கள். என்னுடைய ஒரே கவலை, வெற்றி ஊர்வலம் எந்தத் தெருவால் போவது என்பதுதான்.”

சூடாக்கிகள் திரும்பி வந்தன. ஊர்வலத்துக்காகப் பன்னிரண்டு அடி உயர நீர்நாய்ப் பொம்மை ஒன்றைச் செய்யக் கொடுத்தார்கள். லீவுப் பத்திரத்தில் பச்சை முத்திரைக்கு மேலே சிவப்பு முத்திரை விழுந்தது.

பாலாம்பிகை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இதென்ன அப்பா, முதல் பச்சை, இப்ப சிவப்பு. லீவோ, சந்தியிலை நிக்கிற லைற்றோ?”

“பணியகம் தீர்ப்பு எழுதிப்போட்டுதாம்.”

“அப்ப பெட்டையைத் தாரைவார்த்துக் குடுக்கிறது ஆர்? உங்கடை வோஷிங் மெஷினோ?”

இந்த இடத்தில்தான் ஞானேந்திரன் ஒரு பிழை விட்டார், பிள்ளைகளே. அவரைக் கோபிக்காதீர்கள். அகதிக் கோரிக்கை போட்டு மூன்று வருடம் தபால்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். முத்திரை குத்திய கடதாசி இரு என்றால் இருக்கலாம், போ என்றால் போகவேண்டும் என்று அந்த மூன்று வருடமும் அவரைப் பழக்கிவிட்டது. சிவப்பு முத்திரையைக் கண்டதும் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்துத் தேதியை விட்டுக்கொடுத்துவிட்டார். அரைமணி நேரத்துக்குள் அந்த ஞாயிறு பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியவீட்டுக்குப் போய்விட்டது. நகரத்தில் வேறு மண்டபமும் இல்லை. பாலாம்பிகை இரண்டு நாள் அவருக்குச் சோறு மட்டும் போட்டாள். கஜந்தினி கோபிக்கவில்லை. “பரவாயில்லை அப்பா” என்றாள். அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மூன்றாவது ஆட்டம் சமநிலையில் முடிந்தது. பணியகம் முழுநாளும் கூடி அரை லீவு கொடுத்தது. எந்த அரை என்று தீர்மானிக்க ஞானேந்திரனை மேலே கூப்பிட்டார்கள். அந்த ஏழு பேருக்கு முன்னால், கையில் சவர்க்கார வாசத்தோடு அவர் நின்றார்.

“எங்கள் ஆட்டத்துக்கு நான்கு கால்பகுதி. இந்தத் திருமணம் எத்தனை கால்பகுதி கொண்டது?” என்று கேட்டார் பெலீவோ.

“கால்பகுதி எண்டு இல்லை ஐயா. ஒரேயடியா நடக்கும்.”

“தீர்க்கமான கணம் எது?”

“தாலி கட்டுறது.”

“அது கடைசி நிமிடத்திலா?”

“நடுவிலை. பேந்து சாப்பாடு.”

பணியகத்தார் குறித்துக்கொண்டார்கள். “அந்தக் கணத்தில் உங்களுக்குப் பதிலாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க முடியாதா?”

“தகப்பன் நான் ஒராள்தான் ஐயா. தாரைவார்க்கிறது நான்தான்.”

பெலீவோ பேனையை மேசையில் வைத்தார். “ஒரு முக்கியமான இடத்துக்கு ஒரேயொருவரை மட்டும் வைத்திருப்பது திட்டமிடலில் பெரிய குறைபாடு, மெஸ்யே ஞானே. சரி, இந்தத் தேதியை யார் குறித்தார்?”

“கோயில் ஐயர். மே மாதம்.”

“மே மாதமா? ஒரு ஆட்டமும் ஆடுவதற்கு முன்பா?” என்றார் பெலீவோ. “நாங்கள் ஏழு பேர் ஜூலைவரை காத்திருக்கிறோம். அவரிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?”

“அவரும் ஒரு பஞ்சாங்கமும்.”

அடுத்த வியாழக்கிழமை ஐயரை வரவழைத்தார்கள். வேட்டிக்கு மேலே மழைக்கோட்டு, தோளில் பை. வாசலில் அவரைக் கூட்டிவந்தவன் ஹென்றி. மன்னாரிலிருந்து வந்த பொடியன், சீட்டுக் கிழிக்கும் வேலை. எதையும் பார்த்துச் சிரிக்கிறவன்.

“ஐயா, இவை ஒரு வருஷத்துக்குச் சாதகம் எழுதுவிக்கப் போகினம்,” என்றான் ஹென்றி. “நான் கோயிலுக்குப் போறவனில்லை, சேர்ச்சுக்குப் போறவன். எண்டாலும் இதைப் பாக்காமல் விடமாட்டன்.”

ஐயர் கதிரையில் இருந்து பஞ்சாங்கத்தை விரித்தார். ஞானேந்திரன் இடையில் நின்று மொழிபெயர்த்தார்.

“பிள்ளை பிறந்த நேரம்?” என்றார் ஐயர்.

“ஜூன் இருபத்தொன்பது, மாலை ஏழு முப்பது,” என்றார் பெலீவோ. “சீட்டில் அச்சடித்திருக்கிறோம்.”

ஹென்றி கதவடியில் நின்று தொண்டையைச் செருமினான். “அண்ணை, இவையிட்டைச் சொல்லுங்கோ. சீட்டிலைதான் ஏழரை. பந்தை உதைச்சது ஏழு முப்பத்தெட்டு. ரிவியிலை விளம்பரம் முடியுமட்டும் எல்லாரும் சும்மா நிப்பினம். எல்லா ஆட்டத்துக்கும் இதே எட்டு நிமிஷம்தான்.”

அந்த எட்டு நிமிடம் யாருக்குச் சொந்தம் என்று பணியகம் ஒன்றரை மணி நேரம் விவாதித்தது. கடைசியில் அது கழகத்துக்குச் சொந்தமல்ல, தொலைக்காட்சிக்குச் சொந்தம், அந்த நேரத்தில் கழகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். அதன் பிரதி ஒவ்வொரு அறைக்கும் போனது. சலவை அறைக்கும் ஒன்று வந்தது.

ஐயர் அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “மொத்தம் எத்தினை ஆட்டம்?”

“பதினெட்டு.”

“இப்ப எத்தினை முடிஞ்சுது?”

“மூன்று.”

“தம்பி ஞானேந்திரன், இவையிட்டைச் சொல்லும். நான் கலியாணத்துக்கு நாள் பாப்பன். அண்டைக்கு மாப்பிளைக்குக் காய்ச்சல் வருமோ எண்டு சொல்லமாட்டன். அவை என்னெண்டால், மூண்டு மாசத்துப் பிள்ளைக்குப் பல்லு முளைக்கேல்லை எண்டு அதுக்கு வாழ்க்கை முழுக்கக் கஞ்சிதான் எண்டு எழுதி வைக்கினம்.”

ஞானேந்திரன் கூடியவரை மரியாதையாக மொழிபெயர்த்தார். பெலீவோவின் முகம் மலர்ந்தது. மறுநாள் பத்திரிகைக்காரருக்கு அவர் சொன்னது: “கீழைத்தேயத்து நிபுணர் ஒருவரும் எங்கள் முறையைப் பரிசோதித்தார். அவரும் ஆரம்ப மாதங்களைத்தான் பார்க்கிறார். பற்களையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்.” அந்த வாரமே ஆட்டக்காரர் நாற்பத்தாறு பேருக்கும் பல் எக்ஸ்றே எடுத்தார்கள்.

நான்காவது ஆட்டத்தில் நீர்நாய்கள் ஒரேயொரு புள்ளியால் தோற்றன. இறுதித் தீர்ப்பு வந்தது. கழகம் மூன்றாவதாக வரும். ஹமில்ட்டனோடு வென்ற ஆட்டம் மற்ற மூன்றோடும் ஒத்துப்போகாததால் அது ஒரு விபத்து. பதிவிலிருந்து அது நீக்கப்படுகிறது. தீர்ப்பை யாரும் மாற்ற முடியாது, பணியகம் உட்பட.

ஆகவே அந்த நவம்பர் ஞாயிறு மைதானத்தில் ஒன்றும் நடக்காது. மைதானத்தைப் பார்த்தபடி மேல்மாடியில் அங்கத்தவர் மண்டபம் ஒன்று இருந்தது. அது சும்மா கிடக்கப் போகிறதே என்று மதாம் லூசிக்கு யோசனை வந்தது. மண்டபம் இழந்த மனிதர் கீழே சலவை அறையில் இருந்தார். பெலீவோ தன் கையாலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். லீவுப் பத்திரத்தில், இருந்த இடைவெளியில், இன்னொரு பச்சை முத்திரை.

“இனி இதை ஆரும் மாத்தேலாதாம்,” என்றார் ஞானேந்திரன் வீட்டில்.

“ஆரும் எண்டால் அந்த முட்டைப் பந்துமோ?” என்று கேட்டாள் பாலாம்பிகை.

அவள் கேட்டது பந்துக்குக் கேட்டிருக்க வேண்டும். ஆகஸ்டில் உடுப்பு முழங்காலில் மட்டும் ஊத்தையாகத் தொடங்கியது. செப்டெம்பரில் ஞானேந்திரனுக்குச் சந்தேகம் வந்தது. ஒக்டோபரில் ஹென்றி சலவை அறைக்குள் எட்டிப் பார்த்து, “அண்ணை, பொடியள் திரும்பவும் வெண்டுபோட்டாங்கள். நான் துக்கம் விசாரிக்க வந்தனான்,” என்றான். பணியகம் ஒன்றையும் பார்க்கவில்லை. உறுதிப்படுத்தும் ஆட்டங்கள்தானே.

பதினெட்டாவது ஆட்டம் முடிந்தபோது நீர்நாய்களும் ஹமில்ட்டனும் சமமாக நின்றன. அப்படி நின்றால் அந்த இரண்டு கழகமும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களில் யார் கூடப் புள்ளி எடுத்தது என்று பார்ப்பார்களாம். பார்த்தார்கள். ஜூலையில் எடுத்த அந்த நாற்பத்தொரு புள்ளி, பணியகம் விபத்து என்று வெட்டிவிட்ட அதே நாற்பத்தொன்று, நீர்நாய்களைத் தூக்கி முதலாவது இடத்தில் வைத்தது. இறுதியாட்டம் மலையடி மைதானத்தில். ஞாயிற்றுக்கிழமை. ஒரு மணிக்கு.

பெலீவோ சலவை அறைக்கு முதல்முறையாக இறங்கி வந்தார். இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பேசினார்.

“மெஸ்யே ஞானே, இறுதியாட்டம் நடக்கும். ஆனால் தீர்ப்பின்படி அது நடக்காது. தீர்ப்புப் பிழையென்று ஒப்புக்கொண்டால் பணியகத்தைக் கலைக்க வேண்டிவரும். அதற்குப் பணியகத்தின் அனுமதி தேவை. ஆகவே உங்கள் மண்டப ஒப்பந்தம் செல்லும். உங்கள் லீவும் செல்லும்.”

ஞானேந்திரன் மூச்சு விட்டார்.

“ஆனால் அன்று நீங்கள் வேலைக்கு வரவேண்டும். இத்தனை உடுப்பு, மாற்று உடுப்பு, துவாய் எல்லாம் யார் கொடுப்பது? சலவை அறைக்கு நீங்கள் ஒருவர்தானே.”

ஒரு முக்கியமான இடத்துக்கு ஒரேயொருவரை வைத்திருக்கலாமா என்று ஞானேந்திரன் கேட்கவில்லை. அவர் அப்படிக் கேட்கிற ஆளில்லை. பெலீவோ போன பிறகு சுவரில் ஒட்டியிருந்த எட்டு நிமிடக் கடதாசியை வெகுநேரம் வாசித்தார். பிறகு ஐயருக்குத் தொலைபேசி எடுத்தார்.

“ஐயா, ஒரு மணி மட்டும் உடுப்புக் குடுக்கோணும். ஒண்டு எட்டுக்குப் பந்தை உதைச்சாப் பிறகு ஊத்தையும் இரத்தமும் வரத் தொடங்கும். நடுவிலை எட்டு நிமிஷம் ஒருத்தற்றை உடுப்பும் ஊத்தையாகாது. அந்த நேரம் கழகமே இல்லையாம். கையெழுத்து வைச்சிருக்கினம்.”

மறுபக்கத்தில் பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது. “முகூர்த்தம் பன்னிரண்டு ஐம்பத்தைஞ்சிலை இருந்து ஒண்டு பத்து. உம்முடைய எட்டு நிமிஷம் அதுக்குள்ளைதான் விழுகுது. மற்றதெல்லாம் நான் முதலே முடிச்சு வைக்கிறன். நீர் படியேறி ஓடி வாரும். விழுந்து போடாதையும்.”

அன்று வாசலில் ஹென்றி பட்டபாட்டைச் சொல்ல வேண்டும். முகத்தில் நீலச்சாயம் பூசிய இருபதாயிரம் பேரும், பட்டுச்சேலைக்கு மேலே குளிர்க்கோட்டுப் போட்ட நானூறு பேரும் ஒரே வாசலால் வந்தார்கள். “சாயம் பூசினவை நேரை போங்கோ, சந்தனம் பூசினவை மேலை போங்கோ,” என்று இரண்டு மொழியில் கத்திக்கொண்டு நின்றான். பாலாம்பிகையின் பெரியம்மா ஒருத்தி கண்ணாடியால் கீழே பார்த்துவிட்டு, “மாப்பிளை பகுதியிலை சனம் கனக்க. எங்களுக்குச் சொல்லவேயில்லை. சாப்பாடு காணுமோ?” என்று கவலைப்பட்டாள்.

ஒரு மணிக்குக் கடைசி மேலுடுப்பைக் கொடுத்துவிட்டு ஞானேந்திரன் ஓடினார். பட்டு வேட்டிக்கு மேலே கழகத்து ஏப்ரன். அறுபத்திரண்டு படி. மண்டபத்துக்குள் கால் வைத்தபோது ஒன்று மூன்று. மணவறையில் இருந்த கஜந்தினி நிமிர்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், மணப்பெண் அப்படிப் பார்க்கக் கூடாது என்று மூன்று பேர் சொல்லியும். அவரைக் கண்ட பிறகுதான் குனிந்தாள்.

பெலீவோவும் அங்கே நின்றார். தீர்ப்புக் கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இறுதியாட்டம் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சியாக. உயரமாக, வெள்ளைக் கோட்டோடு நின்றபடியால் பெரியம்மா அவரை மாப்பிள்ளையின் முதலாளி என்று நினைத்து, ஆலத்தித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டாள்.

ஞானேந்திரன் ஏப்ரனைக் கழற்ற மறந்துபோனார். பதினொரு வருடம் தண்ணீரிலேயே ஊறிய கையால், மகளின் கையை ரதீசனின் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தார். ஒன்று ஏழுக்கு ரதீசன் தாலியைக் கட்டினான். கெட்டிமேளம் முழங்கியது. கீழே பந்தை உதைத்தார்கள். இருபதாயிரம் பேர் ஒரேயடியாக எழுந்து கத்தினார்கள். கண்ணாடியெல்லாம் அதிர, பெலீவோ திடுக்கிட்டார், தட்டு சரிந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர் கோட்டிலிருந்து கோப்புவரை சிவப்பாக வழிந்தது.

மகளின் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டு ஞானேந்திரன் திரும்பி ஓடினார். கீழே முதலாவது கிழிந்த உடுப்பு வரும்போது அவர் தன் இடத்தில் நின்றார்.

அன்று நீர்நாய்கள் வென்றன, பிள்ளைகளே. நடக்காத ஆட்டம் என்றபடியால் பணியகம் அதைப் பதியவில்லை.

திங்கட்கிழமை காலை பெலீவோ மறுபடியும் சலவை அறைக்கு வந்தார். கோட்டைத் தோய்க்கும் பலகையில் விரித்தார். நெஞ்சிலிருந்து வயிறுவரை சிவப்பு.

“பருவத்தின் கடைசிப் படம் நாளை எடுக்கிறார்கள்,” என்றார். “இது போகுமா?”

ஞானேந்திரன் கோட்டை இயந்திரத்தில் போட்டுத் தோய்த்து எடுத்தார். கறை கொஞ்சம் வெளிறியிருந்தது. பெலீவோ குனிந்து பார்த்தார். அவர் முகம் உணவறை முகமாகியது. “குறைகிறது. போக்கு நல்லது. இது போய்விடும் என்று எழுதிக் கொள்ளட்டுமா?”

“ஒரு தரம் தோய்ச்சதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது ஐயா,” என்றார் ஞானேந்திரன், கோட்டைத் திரும்ப உள்ளே போட்டபடி. “பதினெட்டுத் தரம் தோய்ப்பம். அதுக்குப் பிறகு வந்து கேளுங்கோ.”